அப்ப அந்த ஓட்டு எதுக்கு?

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய மன்றத்தில், வாட் (மதிப்புக் கூட்டு வரி) உயர்வு அடங்கிய பட்ஜெட் பற்றி விழுந்த 194-க்கு 182 வாக்கு பற்றி நான் அண்ணனிடம் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அவர் திருப்பிக் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

அவருக்கு டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் டீ ரூம், அதாவது சின்ன மளிகைக் கடை. அதன் வரிக் கணக்கு எங்கள் அலுவலகத்தில். "வாட் பாஸ் ஆயிடுச்சு" என்று யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு மறுநாள் போன் செய்தார். நாங்கள் பேசியதில் பாதி ஆங்கிலம், சாரம் இதுதான். (டில் என்றால் கல்லா இயந்திரம்.)

"சட்டம் ஆயிடுச்சா தம்பி?"

"இல்லண்ணா. குழுவோட அறிக்கையைத்தான் ஏத்துக்கிட்டாங்க."

"அப்ப மே ஒண்ணாம் தேதி டில்லை மாத்த வேணாம்?"

"மாத்தணும்ணா."

"எதிர்த்தவங்க ஜெயிச்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தேன். "சட்டப்படி பார்த்தா அப்பவும் மாத்தணும்னுதான் சொல்லணும்."

"அப்ப அந்த ஓட்டு எதுக்கு?"

வரி வேலை பார்ப்பவர்களுக்கு இதன் விடை மனப்பாடம். வாட் சட்டம் 1991-இன் 89-ஆம் எண் சட்டம். அதன் 7(4) பிரிவின்படி நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் புதிய விகிதத்தையும் அது தொடங்கும் தேதியையும் அறிவித்தாலே போதும். அந்தத் தேதியிலிருந்து விகிதம் மாறிவிடும். நாடாளுமன்றம் 12 மாதத்துக்குள் அதற்கான சட்டத்தை நிறைவேற்ற வேண்டும், அவ்வளவுதான். மார்ச் 12-ஆம் தேதி உரையில் நிதியமைச்சர் எனோக் கோடொங்வானா சொன்னது: 2025 மே 1 முதல் 15.5 விழுக்காடு, 2026 ஏப்ரல் 1 முதல் 16. பிப்ரவரி 19-ஆம் தேதி வாசித்திருக்க வேண்டிய உரை, இரண்டு விழுக்காட்டுப் புள்ளி உயர்வைக் கூட்டணி அரசின் அமைச்சரவைக் கூட்டாளிகளே ஏற்காததால் தள்ளிப்போய், பாதிப் பாதியாக இப்படி வந்தது. அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும் என்று நினைப்பதுண்டு. ஆனால் 7(4) பிரிவில் "கூட்டாளிகள் ஒத்துக்கொண்டால்" என்று ஒரு வரியும் கிடையாது.

2018-இல் 14 விழுக்காடு 15 ஆனபோதும் இதே வழிதான். பிப்ரவரியில் அறிவிப்பு, ஏப்ரல் 1-இல் அமல். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு காத்திருந்து பார்க்கலாம் என்று எந்தக் கடைக்காரருக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடைக்காரருக்குத்தான் நட்டம். அண்ணனுக்கு நான் சொன்ன "மாத்தணும்" 2018 கற்றுக்கொடுத்தது. அன்று ஆளுங்கட்சிக்கு மன்றத்தில் தனிப்பெரும்பான்மை இருந்தது. 2024 மே தேர்தலுக்குப் பிறகு அதே கட்சியான ஏ.என்.சி.க்கு 400-இல் 159 இடம்தான். விதி மாறவில்லை, விதி நின்ற தரை மாறியிருந்தது.

அப்படியானால் அந்தப் புதன்கிழமை எதன் மேல் வாக்களித்தார்கள்? நிதிச் சட்டகம், வருவாய் முன்மொழிவுகள் ஆகியவை பற்றிய நாடாளுமன்ற நிதிக்குழுவின் அறிக்கை மேல். 2009-இன் 9-ஆம் எண் சட்டம் பட்ஜெட் கடக்க வேண்டிய வரிசையை வகுக்கிறது. முதலில் சட்டகம், அதாவது மொத்த வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு. அது ஏற்கப்பட்ட பிறகே மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பங்கு பிரிக்கும் மசோதா. பிறகு துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மசோதா. வரி மசோதாக்கள் தனிப் பாதையில் வரும். முதல் படியில் தட்டினால் மற்றவை நகராது. இரண்டு அவைகளும் தனித்தனியாக ஏற்க வேண்டும். மேலவையான மாகாணங்களின் தேசியப் பேரவையும் அதே நாளில் ஏற்றது.

எண்களை வைத்து எல்லோரும் குழம்பிய இடம் ஒன்று உண்டு. "400 பேர் சபையில 194 எப்படிப் பெரும்பான்மை?" அரசமைப்பின் 53-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மசோதா மேல் வாக்கெடுக்க உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 201 பேர், அவையில் இருக்க வேண்டும். மசோதா அல்லாத எந்தக் கேள்விக்கும் மூன்றில் ஒரு பங்கு போதும்: 134. அறிக்கை மசோதா அல்ல. ஆள் எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் விழுந்த வாக்குகளில் எது அதிகமோ அது வெல்லும். அன்று விழுந்தவை 376. யாரும் நடுநிலை வகிக்கவில்லை. அரசமைப்புத் திருத்தம் போன்ற சிலவற்றுக்குத்தான் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசில் பங்கிருக்கும் டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) கட்சி 87 உறுப்பினர்களோடு எதிர்த்தது. அரசில் இல்லாத ஆக்‌ஷன் எஸ்.ஏ. ஆதரித்தது, அந்தச் சிறு கட்சிக்கு ஆறு இடம். அந்த ஆறும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 188-க்கு 188. அப்போது தலைமை வகிப்பவர் தீர்மான வாக்கு அளித்தே ஆக வேண்டும். அதுவரை அவருக்கு வாக்குக் கிடையாது. ஆறு பேரின் ஆதரவுக்கு விலையாக அறிக்கையில் ஒரு பரிந்துரை ஏறியது: வாட் உயர்வுக்கு மாற்று வழியை 30 நாளில் கண்டுபிடியுங்கள். அதாவது வரியை ஏற்கும் அறிக்கையே வரி வேண்டாம் என்றும் சொன்னது. சட்டமோ, குழு சட்டகத்தை ஏற்கிறதா திருத்துகிறதா என்று அறிக்கை ஐயமின்றிச் சொல்ல வேண்டும் என்கிறது. டி.ஏ.வும் எதிர்க்கட்சியான இ.எஃப்.எஃப்.பும் நீதிமன்றம் போனபோது பிடித்த முடிச்சுகளில் இதுவும் ஒன்று. 7(4) பிரிவே அரசமைப்புக்கு ஒவ்வாது என்பது டி.ஏ. மனுவின் இன்னொரு பாதி.

இதையெல்லாம் அண்ணனிடம் போனில் சொன்னேனா? பாதி சொன்னேன். அவர் கேட்டது இதுவல்ல என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அவர் மாற்றவில்லை. "சட்டம் ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். நான் விடவில்லை. மே 1-க்குப் பிறகு 15 விழுக்காட்டில் கணக்குக் காட்டினால் பாக்கி, அதன் மேல் அபராதம், வட்டி என்று அடுக்கினேன். அப்போது அவர் கேட்டார்: "விலையை ஏத்தாம கணக்கை மட்டும் 15.5-ல காட்டினா?" காட்டலாம். வரி விலைக்குள் அடக்கம் என்பதால் விகிதம் ஏறும்போது விலை அப்படியே நின்றால் வித்தியாசம் கடைக்காரர் பையிலிருந்து போகும். எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். வரி உள்ள சரக்கு மாதம் 1,00,000 ராண்டுக்கு விற்றால், 15/115 கணக்கில் வரி 13,043.48. 15.5/115.5 கணக்கில் 13,419.91. வித்தியாசம் 376 ராண்ட் 43 சென்ட். டில் சரிசெய்ய ஆள் வரவழைப்பது அதைவிட மலிவா என்று அவர் கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை.

பெரிய கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டீ ரூமுக்குப் பொருந்தும். ரொக்க வியாபாரத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். 5 சென்ட் நாணயம் அடிப்பது 2012-இல் நின்றுவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையைக் கீழ்ப்பக்கமாக 10 சென்டுக்கு வெட்டுவது வழக்கம். 11.50-க்கு விற்றது 11.55 ஆனால் கைக்கு வருவது அதே 11.50. இந்த அரைப் புள்ளி ஒரு முழு 10 சென்டாகக் கல்லாவில் விழ வேண்டுமானால் வாங்கியது 23 ராண்டுக்காவது இருக்க வேண்டும். அவர் கடையில் ஒரு ரொட்டி, ஒரு பால் பாக்கெட், ஒரு குளிர்பானம் என்று வாங்கிப் போகிறவர்களே அதிகம். அதில் பழுப்பு ரொட்டிக்கும் பாலுக்கும் வரியே பூஜ்ஜியம். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், முட்டை, காய்கறி எல்லாம் அந்தப் பட்டியலில். மஞ்சள்தூளுக்கும் மசாலாவுக்கும் கற்பூரத்துக்கும் முழு வரி.

அந்தப் பூஜ்ஜியப் பட்டியலும் அதே மே 1-இல் நீள்வதாக இருந்தது. டின்னில் அடைத்த காய்கறி; கோழி, ஆடு ஆகியவற்றின் குடல், தலை, கால் வகைகள்; பால் கலவை பானம். வரி ஏறுவதை ஈடுகட்டவாம். கடைக்காரருக்கு இது இரட்டை வேலை. டில்லில் பொதுவான விகிதத்தை ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். ஒரு சரக்கை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஒவ்வொரு பார்கோடாகத் திறக்க வேண்டும். தவறுகள் இங்கேதான் நடக்கும். டின் பட்டாணிக்கு வரி நீங்கும், டின் பழத்துக்கு நீங்காது என்பதைக் கல்லாவில் நிற்கும் பையனுக்கு யார் சொல்வது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பவருக்கு ஏப்ரலும் மேயும் ஒரே படிவத்தில் வந்தால் இரண்டு விகிதமும் ஒன்றாக வரும். அதற்காக ஏப்ரல் 30 இரவு டில்லை மூடி மொத்தம் எடுத்து வைக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதியிருந்தோம். புனித வெள்ளி ஏப்ரல் 18. இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாக் கூட்டம் வரும் வாரம். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்றோம். சொன்னதைக் கேட்டவர்கள் முடித்தார்கள்.

ஏப்ரல் 24, நள்ளிரவு தாண்டி நிதித்துறை அறிக்கை வந்தது. வாட் 15-லேயே நிற்கும். பூஜ்ஜியப் பட்டியல் நீட்டிப்பும் இல்லை. அமைச்சர் சபாநாயகர் தோக்கோ டிடிசாவுக்குக் கடிதம் எழுதி மசோதாக்களைத் திரும்பப் பெறுகிறார். வருவாய் இழப்பு நடுத்தரக் காலத்தில் 75 பில்லியன் ராண்ட். 27-ஆம் தேதி, சுதந்திர நாள், மேற்குக் கேப் உயர்நீதிமன்றம் உயர்வை நிறுத்தி, இரு அவைகளும் ஏப்ரல் 2-இல் எடுத்த தீர்மானங்களை ரத்து செய்தது. நாட்காட்டியைப் பாருங்கள்: 24, 25, பிறகு வார இறுதியும் விடுமுறையும் போக 29, 30. நான்கே வேலை நாள். மாற்றியதைத் திருப்ப டில் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். முடியாதவர்கள் மே 15 வரை 15.5 வசூலித்துக் கட்டிவிடலாம் என்று வரி வசூலிக்கும் அமைப்பான சார்ஸ் அவகாசம் கொடுத்தது. எங்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு இரண்டு முறை செலவு. அண்ணனுக்கு ஒரு சென்டும் இல்லை.

அவர் சாமர்த்தியசாலி, நான் புத்தகப்பூச்சி என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க மனம் ஒப்பவில்லை. அமைச்சர் பின்வாங்காமல் இருந்திருந்தால், விலையும் ஏற்றாமல் கணக்கும் மாற்றாமல் இருந்தவர் அடுத்த படிவத்தில் மாட்டியிருப்பார். நடக்காமல் போனதை வைத்து ஆலோசனையை எடை போட முடியாது. இதைச் சொல்லிக்கொள்ளும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு அந்த 376 ராண்ட் நினைவுக்கு வருகிறது. அபராதம் என்று நான் பயமுறுத்தியது இந்தத் தொகைக்காக. சட்டத்தைச் சரியாகச் சொல்வதும் ஒரு டீ ரூமுக்குச் சரியாகச் சொல்வதும் ஒன்றுதானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஓட்டு எதுக்கு என்பதற்கு நீதிமன்றம் ஒரு விடை தந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கும் உதவாத தீர்மானமாக இருந்தால் அதை ரத்து செய்ய வேண்டிய தேவையே இருந்திருக்காது. அந்த 12 வாக்கு வித்தியாசம்தான் வழக்காக மாறியது, வழக்குதான் அமைச்சரைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளியது என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்ப ஓட்டு போட்டு ஜெயிச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணா?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர என்ன சொல்ல?

இப்போது கடைக்காரர்களுக்கு எழுதும் குறிப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் வரும் நிகழ்ச்சி நிரலில் அன்றைய கேள்வி அறிக்கையா மசோதாவா என்று பார். நேரலையில் கேட்ட எண்ணை நம்பாதே. பிறகு வெளியாகும் நடவடிக்கைக் குறிப்பில் சரிபார். விகிதம் எந்தத் தேதியில், எந்தப் பிரிவின் பலத்தில் மாறுகிறது என்று தனியே எழுது. டில்லை மாற்றும் வேலையைத் தயார் செய்துவை, ஆனால் கடைசி வாரம் வரை இயக்காதே. கடைசி வரி மட்டும் 2018-இல் எழுதியிருக்கவே மாட்டேன். இது அனுபவமா, சூடுபட்ட பயமா என்று கேட்டால் பதில் இல்லை.

ஏனென்றால் அடுத்த மாதமே இந்தப் பாடம் பொய்த்தது. மே 21-ஆம் தேதி மூன்றாவது பட்ஜெட்டில் வாட் இல்லை. பதிலாக எரிபொருள் வரி, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15, ஜூன் 4 முதல். இ.எஃப்.எஃப். நீதிமன்றம் போனது, ஜூன் 3-ஆம் தேதியே மனு தள்ளுபடி. தேசிய மன்றம் புதிய சட்டகத்தை ஏற்றது ஜூன் 11-இல். அதற்குள் பம்புகளில் ஒரு வாரமாகப் புது விலை. அண்ணனின் பெட்ரோல் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) 50 லிட்டர் பிடிக்கும், நிரப்பினால் எட்டு ராண்ட் கூடுதல். அதை வாங்க அவரிடம் யாரும் ஓட்டு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.