டாக்டர்ட்ட கேக்காம எங்கிட்ட கேட்ட கேள்வி

நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில மூத்திரக் கோளாறு பாக்குற யூராலஜி வார்டுல ஆண் நர்ஸா 11 வருசமா வேல பாக்கேன். ராத்திரி டூட்டியில அடிக்கடி வாற கேஸ் மூத்திரம் அடைச்சுப் போனவங்கதான். வயித்தப் பிடிச்சுட்டு, வேர்த்து ஒழுகி, நிக்கவும் முடியாம இருக்கவும் முடியாம வருவாங்க. டியூப் போட்டா முக்கா லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல வரும், அந்த நிமிசம் எனக்க கையப் பிடிச்சு அழுத பெரியவங்க எத்தனையோ பேரு. விசாரிச்சா ரெண்டு மூணு வருசமா ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிச்சுட்டு, முக்கி முக்கி சொட்டு சொட்டா போயிட்டு, வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாங்க. சளிக்குன்னு மெடிக்கல்ல ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருப்பாங்க, சில சளி மாத்திரை மூத்திரப்பை வாசல இன்னும் இறுக்கிரும், அதோட முழுசா அடைச்சிரும்.

இதுக்கு பெரும்பாலும் காரணம் புரோஸ்டேட் வீக்கம், அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி வயசாக ஆக பெருசாகி பாதைய நெருக்குறது. அதுக்கு எல்லாருக்கும் ஆபரேசன் வேணும்னு இல்ல. மூத்திரப்பை வாசல தளர்த்துற டாம்சுலோசின் மாத்திரையிலயே நிறைய பேரு வருசக்கணக்கா நல்லா இருக்காங்க. வீங்கின சதைய சுருக்குற மாத்திரையும் உண்டு, அது வேலை செய்யுறது தெரிய ஆறு மாசம்கூட ஆகும், பொறுமை வேணும். ஆனா திரும்பத் திரும்ப அடைச்சாலோ, மூத்திரப்பையில கல்லு வந்தாலோ, அடிக்கடி இன்பெக்சனும் ரத்தமும் வந்தாலோ, கிட்னி வீங்கி, அது கெட்டா ரத்தத்துல கூடுற கிரியாட்டினின்ங்கிற கழிவு ஏறினாலோ அதுக்கு மேல தள்ளிப்போடுறது ஆபத்து. மூத்திரம் வெளிய போகாம கிட்னி கெட்டு டயாலிசிஸ் வரைக்கும் போனவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சொல்ல வந்தது வேற. திருவட்டார் பக்கத்துல இருந்து ரப்பர் பால் வெட்டுற ஒரு அண்ணன் வந்தாரு, 61 வயசு. ஒரு வருசம் மாத்திரை எடுத்தாரு, ஆனா விடியக்காலம் தோட்டத்துல குனிஞ்சு நிமிர்றப்போ தலை சுத்துதுன்னு அடிக்கடி நிப்பாட்டிருவாரு. ரெண்டாவது தடவையும் அடைச்சப்போ டாக்டர் டியுஆர்பிங்கிற ஆபரேசன் பண்ணிரலாம்னாரு. வயித்தக் கிழிக்காம மூத்திரப்பாதை வழியா கருவிய விட்டு, அடைச்சுட்டு நிக்கிற சதைய செதுக்கி எடுக்குறது, இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக ஊசி. ரெண்டு வாரமா மனுசன் சம்மதிக்கல. மகன் பணத்துக்காக யோசிக்காருன்னு நினைச்சு காப்பீட்டுத் திட்ட கார்டு வரைக்கும் எடுத்துட்டு வந்துட்டான். ஒருநாள் நான் டிரிப் மாத்த வேகமா போயிட்டு இருக்கேன், வராந்தாவுல நிப்பாட்டி, "மக்களே, இதப் பண்ணினா எனக்க ஆம்பளத்தனம் போயிருமா"ன்னு மெதுவா கேட்டாரு. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அண்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அடுத்த நாளே கையெழுத்து போட்டாரு.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு மூணாவது நாள் டியூப் எடுத்தாச்சு, மூத்திரம் குழாய் திறந்த மாதிரி வந்துது. ரெண்டு மாசம் கழிச்சு ஓபிக்கு வந்தவரு டாக்டர பாக்காம என்னத் தேடி வந்து நின்னாரு. வீட்டுக்காரியோட சேருறப்போ ஒண்ணும் வெளிய வரல்லியாம். ஏதோ நரம்ப மாத்தி வெட்டிட்டாங்கன்னு நினைச்சு ஒடஞ்சு போயி, கட்டில வராந்தாவுக்கு மாத்தி தனியா படுக்காரு. சதைய எடுக்கும்போது மூத்திரப்பை வாசலும் அகலமாயிரும், விந்து முன்னால வராம பின்னால பைக்குள்ள போயி மூத்திரத்தோட வெளியேறும், உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல, விறைப்பு பெரும்பாலும் முன்ன மாதிரியே இருக்கும், சுகமும் இருக்கும்னு உக்கார வச்சு சொன்னேன். டியுஆர்பி பண்ணின பாதிப்பேருக்கு மேல இது நடக்கும். டாக்டரும் சொன்னாருதான், ஆனா பக்கத்துல மகன் நிக்கையில ஒரு வரியில சொன்னது அவரு காதுல ஏறவே இல்ல. காதுல ஏற வேண்டிய நேரத்துல எங்கிட்ட கேட்டாரு, நான் அரைகுறையா பதில் சொல்லி ரெண்டு மாசம் அந்த மனுசன வராந்தாவுல படுக்க வச்சுட்டேன். இப்பமும் அத நினைச்சா மனசு கிடந்து அடிக்குது.

அதுக்குப் பிறவு கூட வாறவங்கள ஒரு சாயா வாங்கிட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டுதான் பேச்சையே தொடங்குவேன். மூத்திரக் கஷ்டத்த அளக்க ஏழு கேள்வி உள்ள ஒரு பாரம் உண்டு, 35 மார்க், கூடக்கூட கஷ்டம் அதிகம்னு அர்த்தம், 20ஓ அதுக்கு மேலயோ வந்தா கடுமை. மக வாசிச்சுக் காட்டினப்போ எல்லாத்துக்கும் இல்ல இல்லன்ன ஒரு பெரியவரு, அவ வெளிய போனதும் 23 வாங்கினாரு.

போன வருசம் தூத்தூர் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருத்தரு, 54 வயசு. ஆழ்கடலுக்குப் போனா மாசக்கணக்குல கரை பாக்க மாட்டாரு, ரெண்டு தடவ அடைச்சாச்சு, ரெண்டும் கரையில இருந்தப்போங்கிறது அவரு பாக்கியம். நடுக்கடல்ல அடைச்சா யாரு டியூப் போடுவா? லேசர் ஆபரேசன்னா இந்த விந்து பிரச்சனை வராதுல்லன்னு கேட்டாரு, பல லேசர் முறையிலயும் இது வரும்னு உள்ளதச் சொன்னேன். இனி புள்ள வேணுமான்னும் கேட்டேன், ஏன்னா அது வேணும்னா கணக்கே மாறும். ஆபரேசனுக்குப் பிறவு சில வாரம் வலை இழுக்கவோ பாரம் தூக்கவோ கூடாது, அதுக்குத் தோதா எந்த மாசம் பண்ணலாம்னு அவரே விரல விட்டு எண்ணினாரு. பிறவு கதவத் திறந்து வெளிய நின்ன வீட்டுக்காரிய உள்ள கூப்பிட்டு, "தம்பி, இப்பம் சொன்னத இவகிட்டயும் ஒருக்கா சொல்லுங்க"ன்னாரு. அந்த அக்காவ உக்கார வச்சு முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்ப சொன்னேன்.