பக்கத்து அறையில் அம்மா

ஜனவரி 9

எழுத்தாளர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் இறந்த நாள். 1923, பிரான்சில், காசநோய், வயது 34. என் காகிதங்களில் முடிந்தவரை கிழித்துவிடு, எரித்துவிடு என்று கணவர் மரிக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். மரி எங்கே எரித்தார்? 1927ல் நாட்குறிப்பே புத்தகமாக வந்துவிட்டது. அதைத்தான் இப்போது மடியில் வைத்திருக்கிறேன். ஆகவே மரியைத் திட்டவும் வாய் வரவில்லை.

அம்மா பத்தரைக்கு நித்திரை.

ஜனவரி 11

ஒன்றேகால், இரண்டு, மூன்றே முக்கால். கடைசியாக எழும்பியபோது வாசல் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியில ஆரோ நிக்கினம், பிள்ளை." ஒருவரும் இல்லை என்று சொன்னால் கோபம் வருகிறது. நிற்கட்டும் அம்மா, விடிய விசாரிப்போம் என்றேன். அதற்கு ஓம்பட்டார்.

ஜனவரி 13

இன்று நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இறந்த நாள். 1941, சூரிக். கவிஞர் டி. எஸ். எலியட் 4ம் தேதி, மான்ஸ்ஃபீல்ட் 9, இவர் 13. நவீனத்துவக்காரர்களுக்கு ஜனவரி ஆகாத மாதம் போலிருக்கிறது. மகள் லூசியா அதற்குப் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள், பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில். கடைசி முப்பது வருடம் இங்கே நார்தாம்ப்டனில். அவளுடைய கடிதங்களைக் குடும்பத்துப் பேரனே அழித்துவிட்டதாக 1988ல் அறிவித்தார்.

ஒருத்தர் எரிக்கச் சொன்னதை எரிக்கவில்லை. இன்னொருத்தி சொல்லாததை அழித்தார்கள்.

ஜனவரி 14

பொங்கல். பால் அடுப்பெல்லாம் பொங்கியது. அம்மா இரண்டு கரண்டி. இரத்தத்தில் சீனி 14.2.

ஜனவரி 17

படிப்புக்கு நான் எழுதும் கட்டுரை நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபைப் பற்றியது. ஆனால் அவருடைய கணவர் லெனார்ட் விடமாட்டேன் என்கிறார்.

1904 கடைசியில் இலங்கை சிவில் சேவைக்குக் கப்பலேறியவர். வயது 24 ஆகப்போகிற நேரம். கூடவே வால்டேர் எழுதியதெல்லாம் தொகுதி தொகுதியாக, ஒரு நாய். முதல் வேலை யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில், குடியிருப்பு கோட்டை மதில்மேல் ஒரு பங்களாவில். அங்கேயே நெருப்புக்காய்ச்சல் வந்து கிடந்திருக்கிறார். தமிழ் படித்து அரசாங்கப் பரீட்சையும் எழுதினார். ஊர்ச் சனத்துக்கு ஆளைப் பிடிக்கவில்லை. குதிரைமேல் இருந்தபடி சவுக்கை நீட்டி எதையோ காட்டப்போய், அது ஒரு வழக்கறிஞரின் முகத்துக்குக் கிட்டப் போய்விட்டது. வேண்டுமென்றே அடித்தார் என்று மேலிடம்வரை முறைப்பாடு. அடிக்கவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். ஆனால் எண்பது வயதில் எழுதிய சுயசரிதையில், அந்தத் தெருவில் தான் குதிரைமேல் திமிராக உட்கார்ந்திருந்ததே அவர்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரித்தான் என்று ஒத்துக்கொள்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

1911ல் விடுப்பில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. 1912 ஆகஸ்டில் கல்யாணம். அடுத்த வருடமே வர்ஜீனியா மனநோயில் விழுந்துவிட்டார். செப்டம்பரில் உயிர் போய்த் திரும்பியது. மருந்துப் பெட்டியை அன்றைக்குப் பூட்டாமல் விட்டிருந்தார் லெனார்ட்.

அவர் தன் டயரியில் வர்ஜீனியாவின் நிலைமையை நாள்தோறும் எழுதிவைத்தார். அதை ஆங்கிலத்தில் எழுதவில்லை. சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் கலந்து தானே செய்துகொண்ட ஒரு சங்கேதத்தில் எழுதினார்.

வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்து போகின்றன. என்னால் முடியவில்லை. எந்த எழுத்துகள்? தூக்கத்துக்கு எது, அழுகைக்கு எது? ழகரம் இருக்குமா? யாழ்ப்பாணத்தார் கொண்டுவந்த மனுக்களைப் படிப்பதற்காகப் பழகிய எழுத்து, பிறகு லண்டனில் ஒரு பெண் இரவு எத்தனை மணிநேரம் தூங்கினாள் என்று குறித்துவைக்க உதவியிருக்கிறது.

மணி மூன்று. அம்மா கூப்பிடுகிறார்.

ஜனவரி 18

அண்ணா டொரோண்டோவிலிருந்து: "அம்மா எப்பிடி?" ஒரு படம் அனுப்பினேன். சிரிக்கிற படமாகப் பார்த்து.

ஜனவரி 22

'மிசஸ் டாலோவே'யில் டாக்டர் சர் வில்லியம் பிராட்ஷா வரும் பக்கங்கள், கட்டுரைக்காக மறுபடி. போரிலிருந்து திரும்பி மனம் கலங்கிப்போன செப்டிமஸுக்கு அவர் சொல்லும் வைத்தியம் இதுதான்: படுக்கை, தனிமை, மௌனம். புத்தகம் கூடாது, சிநேகிதர்கள் கூடாது. ஆறு மாதத்தில், 47 கிலோவோடு உள்ளே போன ஆள் 76 கிலோவோடு வெளியே வருவான்.

வர்ஜீனியா இதைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. டுவிக்கனம் விடுதிக்கு 1910லேயே அவரை அனுப்பியிருந்தார்கள். பால், ஓய்வு, மறுபடி பால். எழுதக் கூடாது. நாவல் 1925ல் வந்தது. பதினைந்து வருடக் கோபத்தைக் கொஞ்சமும் ஆறவிடாமல் வைத்திருந்து இறக்கியிருக்கிறார்.

இன்று நர்ஸ் வந்து அம்மாவை நிறுத்தார். 43.6. சத்துப் பால் எழுதிக்கொடுத்தார், வனிலா. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கண்டுக்குட்டிக்குக் குடுக்கிறதெல்லோ" என்றார். நான் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று அரைமணிநேரம் நின்றேன். எனக்கும் 45 என்ற எண்தான் வேண்டும். பிராட்ஷாவைக் கிழித்து நான் எழுதி வைத்திருந்த நாலு பக்கம் மேசையில் கிடக்கிறது. இன்றைக்கு அதைத் தொடப் போவதில்லை.

ஜனவரி 29

டியூட்டர் ஜூமில் வந்தார். லெனார்ட் சுவையான ஆள்தான், ஆனால் கட்டுரையின் கவனம் சிதறும் என்றார்.

சரி. சிதற இன்னும் மிச்சமிருக்கிறதா என்ன.

பெப்ரவரி 4

இருபத்திரண்டு வயதில், அப்பா செத்த வருடம், 1904ல், வர்ஜீனியாவுக்கு ஜன்னலுக்கு வெளியே குருவிகள் கிரேக்க மொழியில் பாடுவது கேட்டது. அதை அப்படியே செப்டிமஸுக்குக் கொடுத்தார்.

விமர்சகர்கள் எல்லாரும் ஏன் கிரேக்கம் என்று கேட்கிறார்கள். அண்ணன்தம்பிக்குக் கேம்பிரிட்ஜ், பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துக் கொஞ்சம் கிரேக்கம், அதனால் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிடக் குருவிகளின் பாட்டைக் கேட்டபிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் வேண்டும். பயந்தாரா? பதில் சொன்னாரா?

அம்மா இன்று பின்னேரம் பாத்ரூம் கதவைப் பார்த்துத் தபால் பையை எண்ணினார். நாற்பது வருடத்துக்கு முந்தின கந்தோர். சுன்னாகம் பை வரவில்லையாம். ரயில் பிந்தியிருக்கும் என்று சொன்னேன். "பிந்தினா எழுதி வைக்கோணும்" என்றார். குரலில் ஒரு அதிகாரம். நான் சின்னப் பிள்ளையாய்க் கேட்ட அதே குரல்.

பெப்ரவரி 6

கடிதம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் இசை கேட்கிறது.

பெப்ரவரி 7

வரவில்லை.

பெப்ரவரி 12

வர்ஜீனியா மேல் கோபமாயிருக்கிறேன்.

நோயைப் பற்றிய அந்தப் பிரபலமான கட்டுரை. 1925 ஆகஸ்டில் சார்ல்ஸ்டன் வீட்டில் அக்கா மகனின் பிறந்தநாள் விருந்தில் மயங்கி விழுந்து, பிறகு படுக்கையிலேயே எழுதியது. எலியட் தன் பத்திரிகையில் 1926 ஜனவரியில் போட்டார். அவருக்கு அது பெரிதாய்ப் பிடிக்கவில்லை என்று வர்ஜீனியாவுக்கு மனத்தாங்கல். காதல், யுத்தம், பொறாமை எல்லாம் இலக்கியத்தில் இருக்கிறது, காய்ச்சலும் தலையிடியும் ஏன் இல்லை என்று கேட்கிறார். முதல் வாக்கியம் மூச்சுவிடாமல் நீண்டுகொண்டே போகும். போன வருடம் வகுப்பில் அதை வாய்விட்டு வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

இன்று வாசித்தால், நோயாளி மல்லாந்து படுத்து மேகம் பார்க்கிறார். நல்லது. விரிப்பை மாற்றியது யார்? 1913ல் அவருக்குக் காவலாக நாலு நர்ஸ்கள் இருந்தார்கள். 1916 முதல் 1934 வரை சமையலுக்கு நெல்லி பாக்ஸல். வர்ஜீனியாவின் டயரியில் நெல்லியைப் பற்றிய முறைப்பாடு பக்கம் பக்கமாக உண்டு. நெல்லியின் டயரி என்று ஒன்றில்லை.

விரிப்பு இன்று மூன்றாவது. வாஷிங் மெஷின் சுற்றும்போது ஒரு பக்கமாக நடந்து போகிறது.

பெப்ரவரி 13

நேற்று எழுதியது சரிதான். ஆனாலும் அந்த முதல் வாக்கியம்.

பெப்ரவரி 17

விவியன் எலியட், கவிஞரின் மனைவி. கணவரின் 'பாழ்நிலம்' கவிதை வரைவின் இரண்டாம் பகுதியில், இன்றிரவு என் நரம்புகள் சரியில்லை, என்னோடு இரு என்று ஒரு பெண் அரற்றும் இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அற்புதம்' என்று எழுதியவர். அது தன்னுடைய குரல்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் பாராட்டியிருக்கிறார். ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். தந்தத்தால் செய்த சதுரங்கக் காய்கள் நம் இருவருக்கும் நடுவில் துணையாக இருக்கின்றன என்ற வரி. 1922ல் கவிதை அச்சானபோது அது இல்லை.

1938ல் விவியனை மனநோய் விடுதியில் வைத்தார்கள். எலியட் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை என்பார்கள். 1947ல் அங்கேயே இறந்தார். 1960ல் எலியட் கவிதையைத் தன் கையால் பிரதி எடுத்தபோது அந்த வரியை ஞாபகத்திலிருந்து திரும்பவும் சேர்த்துவிட்டார்.

அழகான வரிதான். ஆனால் வேண்டாம் என்றாளே, ஐயா. அவள் கேட்டது அந்த ஒன்றுதானே.

பெப்ரவரி 20

நீலக் கொப்பி அம்மாவின் கையில் அகப்பட்டுவிட்டது.

நான் குளித்துவிட்டு வர, கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். எல்லாம் அவரைப் பற்றியது: நேரம், சீனி, மலம் போனதா, யாரைக் கூப்பிட்டார், எதற்கு அழுதார். எல்லாம் ஆங்கிலத்தில். ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்டால், நர்ஸுக்குக் காட்ட வசதி என்று அண்ணாவிடம் சொல்லியிருந்தேன்.

நர்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

லெனார்ட் தன் மனைவிக்குத் தெரியாத எழுத்தைத் தேடிப் போய்த் தமிழை எடுத்தார். நான் அம்மாவுக்குத் தெரியாததைத் தேடி லெனார்டின் ஆங்கிலத்தை எடுத்திருக்கிறேன்.

"இதென்ன?" என்றார் அம்மா.

"படிப்பு வேலை அம்மா."

அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். இலக்கங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லையே. "ஞாயித்துக்கிழமை 11.8 எண்டு போட்டிருக்கிறாய். 11.3. நான் மெசினைப் பார்த்தனான்." மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, 8ஐ ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே 3 போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். பேரேட்டில் திருத்தம் செய்தால் அழிக்கக் கூடாது, வெட்டி ஒப்பம் வைக்க வேண்டும். கந்தோர் முறை.

பிறகு பாத்ரூம் கதவைப் பார்த்து, பை வந்துட்டுதோ என்று கேட்டார்.

பெப்ரவரி 21

மெஷினின் நினைவகத்தைப் பார்த்தேன். 11.3.

மார்ச் 1

அண்ணா மாத முடிவில் வருகிறாராம். ஒரு கிழமை நிற்பாராம். வந்து பார்த்தால் தெரியும்.

மார்ச் 5

கொப்பியை இப்போது மேசையில் திறந்தே வைக்கிறேன், பென்சிலோடு. அம்மா எல்லா நாளும் எழுதுவதில்லை. எழுதினால் தமிழில், நல்ல வட்டமான எழுத்து: "2.10 எழும்பினது தண்ணீர் குடிக்க. வேறொன்றும் இல்லை." நான் அதே 2.10க்கு ஆங்கிலத்தில் 'குழப்பம், சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்' என்று எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன. எதையும் வெட்டவில்லை.

நேற்று: "நித்திரை இல்லை. மகளுக்கும் இல்லை."

மார்ச் 8

ரிச்மண்டில் வுல்ஃப் தம்பதி இருந்த ஹோகார்த் ஹவுஸ் பக்கம் பஸ்ஸில் போனேன், கேரர் நாலு மணிநேரம் வந்திருந்ததால். 1917ல் சாப்பாட்டு மேசையில் வைக்கக்கூடிய ஒரு கையச்சு இயந்திரத்தை வாங்கி அங்கேதான் பதிப்பகம் தொடங்கினார்கள். மூளைக்கு ஓய்வாகக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது லெனார்டின் கணக்கு. பாழ்நிலத்தை 1923ல் ஹோகார்த் பதிப்பாகப் போட்டபோது வர்ஜீனியாதான் ஒவ்வொரு எழுத்தாக அடுக்கினார். அடுக்கி முடித்து, கை எப்படி நடுங்குகிறது பார் என்று சிநேகிதிக்குக் கடிதம் எழுதினார். ஆக, விவியனின் அரற்றலையும் வர்ஜீனியாவின் விரல்கள் ஈய எழுத்தெழுத்தாய்ப் பொறுக்கி வைத்திருக்கின்றன. சதுரங்கக் காய்கள் இல்லாமல்.

வீட்டில் கேரர், "ஷீ வாஸ் நோ ட்ரபிள்" என்றார். அம்மா கொப்பியில்: "ஒரு பிள்ளை வந்திருந்தது. பாஷை தெரியாது. நல்ல பிள்ளை."

மார்ச் 13

டியூட்டருக்கு எழுதிவிட்டேன். கட்டுரை லெனார்டின் சங்கேதத்தைப் பற்றித்தான். அவகாசம் வேண்டும் என்றும் கேட்டேன். பதில் வரட்டும், வராமல் போகட்டும்.

லெனார்டின் காகிதங்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பாக ஃபால்மரில் 'தி கீப்' ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டேஷனுக்குக் கிட்டத்தான். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், உள்ளே பென்சில் மட்டும். 1913 டயரியைக் கேட்டிருக்கிறேன். பார்த்தால் என்ன கிடைக்கும் என்று டியூட்டர் கேட்பார். எனக்கு அந்தத் தமிழ் எழுத்து கச்சேரிக்காரன் எழுத்தா, பள்ளிப் பிள்ளை எழுத்தா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் எழுதியதா, நிதானமாகவா. எங்கேயாவது வெட்டியிருக்கிறாரா.

மார்ச் 16

மோசமான இரவு. எழுதவில்லை. அம்மாவும் எழுதவில்லை.

மார்ச் 19

கீப்பிலிருந்து பதில் வந்தது, டயரி பார்க்கலாம். 28 என்று படிவத்தில் போட்டேன், பிறகு அது வர்ஜீனியா இறந்த தேதி என்று உறைத்து 27 ஆக்கினேன். அண்ணா 25ம் தேதி இறங்குகிறார், ஆகவே ஒருநாள் பிரச்சினையில்லை. விக்டோரியாவில் காலை ரயில் எடுத்தால் பதினொரு மணிக்கு முன் அங்கே நிற்கலாம்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்தது. ஸ்கேன், மார்ச் 27, காலை 9.40, உணவில்லாமல். மாற்ற வேண்டுமானால் ஆறு கிழமை பிந்தும் என்று கீழே தடித்த எழுத்தில். அண்ணாவோடு போக அம்மா ஓம்படுவாரா என்று நாளைக்குக் கேட்க வேண்டும், முதலில் அண்ணாவை ஆரென்று