பத்து வயசுப் பையனுக்கு ட்ரைகிளிசரைடு 138

பையனுக்கு எடை ஏறிக்கொண்டே போனது. கழுத்தின் பின்பக்கம் கறுத்து, எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகவில்லை. குழந்தைகள் டாக்டர் அதைப் பார்த்ததுமே, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 138. ரிப்போர்ட்டில் 150க்குள் நார்மல் என்று அச்சடித்திருந்தது. டாக்டர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். அது பெரியவர்களுக்கான அளவாம். பத்து வயசிலிருந்து 19 வரை 90க்குள் இருக்க வேண்டும், 130ஐத் தொட்டாலே அதிகம். பத்து வயசுக்குக் கீழே என்றால் 100ஏ அதிகம். பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்த எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லேபில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாப்பிட்டிருந்தால் இந்த அளவு ஏறிக் காட்டும் என்பதால், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் வெறும் தண்ணீரோடு போய் மறுபடி ரத்தம் கொடுத்தோம். கூடவே தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். வேறு நோயால் ஏறியிருக்கிறதா என்று தெரியத்தானாம். அதெல்லாம் சரியாக இருந்தது; ட்ரைகிளிசரைடு மட்டும் இறங்கவில்லை.

இதற்குள் என் மாமியார் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். டாக்டரோ, "என்ன குடிக்கிறான்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டார். இரண்டு வேளையும் சத்துமாவு டப்பாப் பால், அதில் தனியாகச் சர்க்கரை, சாயங்காலம் பாட்டில் மாம்பழ ஜூஸ், பிஸ்கெட். மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றிவிடும் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் படித்தேன். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை!

மாத்திரை எதுவும் தரவில்லை. 500ஐத் தாண்டினால்தான் கணையம் வீங்கிவிடுமோ என்ற பயம், இந்த அளவுக்குச் சாப்பாடும் ஓட்டமும் போதும் என்றார். டப்பாவும் ஜூஸும் போயின. சாயங்காலம் சுண்டல் அல்லது முட்டை, வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு, சோற்றைக் குறைத்துப் பொரியல். வெறும் பாலுக்கு முதல் வாரம் அழுதான், அப்புறம் பழகிவிட்டது. டியூஷனை நிறுத்திவிட்டு அந்த ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்ட விட்டோம்.

மூன்று மாதம் கழித்து 96. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். குடும்பத்தில் வருவதாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் என் வீட்டுக்காரருக்கும் பார்த்தோம். அவருக்கு 260. இப்போது அவருக்கும் டீயில் சர்க்கரை கிடையாது.