மானிட்டர் அணைந்தால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று அர்த்தமில்லை

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்து டெஸ்க்டாப், விண்டோஸ் 10. 30 நிமிடத்தில் ஸ்லீப் என்று வைத்திருந்தும் மானிட்டர் மட்டும் அணையும். சிபியு ஃபேன் விடிய விடிய ஓடும். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது. ராத்திரி போனால், சும்மா ஓடும் மெஷினே யுபிஎஸ்ஸைக் காலி செய்துவிடும். காலையில் எடை பதியும் நேரத்துக்கு பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் ஸ்டார்ட் மெனுவில் போய் ஸ்லீப்பைக் கையால் கொடுத்தோம். தூங்கியது, தானாக விழிக்கவும் இல்லை. பாதி விடை இதிலேயே இருக்கிறது. கையால் கொடுத்தால் தூங்குகிறது, தானாகத் தூங்கவில்லை என்றால், ஏதோ ஒன்று விண்டோஸைப் பிடித்து வைத்திருக்கிறது. தூங்கிய மறு நொடியே விழித்தால் பெரும்பாலும் மவுஸோ நெட்வொர்க் கார்டோ எழுப்புகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பவர் பிளானை மாற்றி மாற்றி வைப்பது வீண் வேலை. (மெனுவில் ஸ்லீப்பே இல்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள்.)

பிடித்து வைத்திருப்பது யார் என்று மெஷினே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்பதோடு சி, எஃப், ஜி சேர்த்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு ரிக்வெஸ்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எல்லாத் தலைப்பின் கீழும் 'நன்' என்று வந்தால் பிடிப்பு எதுவும் இல்லை. இங்கே 'சிஸ்டம்' தலைப்பின் கீழ் ரியல்டெக் ஆடியோ டிரைவர் நின்றது, ஆடியோ ஓடிக்கொண்டிருப்பதாக. பாட்டு எதுவும் ஓடவில்லை.

சிபியுவுக்குப் பின்னால் பார்த்தால் நீல நிற ஜாக்கில் ஒரு வயர். ரேடியோவைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்பதற்காக லைன் இன்னில் செருகியிருக்கிறார்கள். சவுண்ட் செட்டிங்கில் ரெக்கார்டிங், லைன் இன், ப்ராப்பர்ட்டீஸ், அதில் 'லிசன்' பக்கம். 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் ஆகியிருந்தது. அந்த டிக் இருக்கும்வரை ரேடியோவை அணைத்தாலும் ஆடியோ ஓடுவதாகவே கணக்கு. டிக்கை எடுத்து, கமாண்டை மறுபடி அடித்தோம்: 'நன்'. 30 நிமிடத்தில் ஃபேன் நின்றது. ரேடியோ வயரை நேராக ஸ்பீக்கருக்கே மாற்றிக் கொடுத்தோம்.

ஆடியோவுக்குப் பதில் ஸ்பூலர் பெயர் வந்தால், பிரிண்டர் வரிசையில் சிக்கிய வேலையை நீக்குங்கள். எஸ்ஆர்வி நெட் வந்தால் வேறொரு கம்ப்யூட்டர் இதன் ஷேர் ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறது.

தானே விழிக்கும் மெஷினுக்கு, அதே கமாண்டில் ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதில் லாஸ்ட்வேக் என்று அடித்தால் எழுப்பியது எது என்று பெரும்பாலும் தெரியும். டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்தால் போதும்.

மலையில் இன்னொன்றும் அவசியம். ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலை ரேமில்தான் இருக்கிறது. யுபிஎஸ்ஸும் தீர்ந்தால் போய்விடும். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ஹைப்ரிட் ஸ்லீப்பை ஆன் செய்யுங்கள். டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிவிட்டுத் தூங்கும்.