மனாங்கில் இரண்டு இரவு

ஜூலை 14
இன்றும் மலைக்கோட்டை. பையில் ஆறு கிலோ அரிசி. வாசலில் காவலர் திறந்து பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். அக்டோபரில் தம்பியோடு நேபாளத்தில் இமயமலை ஏறப் போகிறேன், அதற்குப் பழகுகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார். தாயுமானவர் சந்நிதி வரை பேசிக்கொண்டே ஏற முடிகிறது, அதற்கு மேல் முடியவில்லை.

ஜூலை 15
தொடை வலி. எங்கும் போகவில்லை.

ஜூலை 21
தம்பி போன் செய்தான். மலையடிவாரத்துப் பெசிசஹரிலிருந்து மேலே இருக்கும் மனாங் ஊர் வரைக்குமே ஜீப் போகிறதாம். "ரெண்டு மூணு நாள் மிச்சம் அக்கா, லீவும் இல்ல" என்றான். பெசிசஹர் 800 மீட்டர்கூட இல்லை. மனாங் 3540. காலையில் கீழே சாப்பிட்டு இரவு அவ்வளவு மேலே படுப்பதா? 3000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் நடுவில் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். எல்லாம் சொன்னேன். "நாம என்ன கிழமா?" என்கிறான். வேகமாக உயரம் ஏறினால் வரும் மலை நோயில் வயசுக்கு வேலையே இல்லை. இருபது வயசுப் பிள்ளைக்கும் வரும், இதற்கு முன் பத்து முறை ஏறியவருக்கும் வரும்.

ஜூலை 22
எங்கள் திட்டம்: நடுவில் உள்ள சாமே வரை ஜீப். அங்கே தூங்கி, மறுநாள் மேல் பிசாங். அதற்கடுத்த நாள் கியாரு, ங்காவல் வழியாக மனாங். கீழே ஆற்றோரமாகவே போனால் சீக்கிரம் போய்விடலாம். மேல் வழியில் மூச்சு வாங்க ஏறி, மறுபடி இறங்கித் தூங்குகிறோம், உடம்புக்கு அதுதான் நல்லது. மனாங்கில் இரண்டு இரவு. பிறகு யாக் கர்கா, தொரோங் பேதி, தொரோங் கணவாய், அதைத் தாண்டி இறங்கினால் முக்திநாத் கோயில். மனாங்கில் இரண்டு இரவு என்பதை மட்டும் யாருக்காகவும் மாற்ற மாட்டேன்.

ஜூலை 30
அம்மாவின் நோட்டைப் பார்த்தேன். 108 திவ்ய தேசங்கள், பெயருக்கு நேரே சிவப்பு மசியில் டிக். பூமியில் இருப்பவை 106. அம்மா பார்த்தது 97. சாளக்கிராமம், அதாவது முக்திநாத், அந்த வரியில் டிக் இல்லை, பென்சிலால் ஒரு சின்ன வட்டம் மட்டும். எப்போது போட்டாள் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3
அம்மா கேட்டாள்: "அந்தப் பக்கமா போனா கோயில் கிட்ட வரைக்கும் வண்டி போகுதாமே, நீ எதுக்குடி அந்தக் கணவாய் வழியா நடக்கறே?" பதில் சொல்லத் தெரியவில்லை. நெபுலைசர் சத்தத்தில் அவளும் மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9
தூக்கம் வரவில்லை. 2014 அக்டோபரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12ஆம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை ஏறியது. விமான நிலையம் சிதைந்து கிடந்ததை இதே கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். நமக்கு வரவில்லை என்று அம்மா பெருமாளுக்கு விளக்கேற்றினாள். அப்புறம் அதை மறந்தே போனோம். அந்தப் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் 14ஆம் தேதி தொரோங் கணவாய் மேல் பனியாகக் கொட்டியிருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நடைப் பயணிகள், வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள், யாக் மேய்ப்பவர்கள். அக்டோபர்தான் நல்ல மாதம், வானம் தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். நம் வங்கக் கடலில் புயல் பிறக்கிற மாதமும் அதுதான்.

கணவாயின் உயரமான 5416 மீட்டரில் காற்றில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். அந்தப் பாதி மூச்சில் முழங்கால் பனியில் முடிவெடுக்க வேண்டும், போவதா திரும்புவதா என்று. அதனால் முடிவை இங்கேயே, காவிரிக் கரையிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் மனாங்கைத் தாண்டுவதில்லை. யாருக்காவது தலைவலி தீராவிட்டால் மேலே ஏறுவதில்லை. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, ராத்திரி என்றாலும் உடனே இறங்குவது.

ஆகஸ்ட் 10
தம்பிக்கு அந்த மூன்றையும் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அது போதாது.

ஆகஸ்ட் 24
மலைக்கோட்டையில் செருப்பைக் கீழேயே விட வேண்டியிருப்பதால் பூட்ஸ் பழகவில்லை. கொள்ளிடக் கரையில் அதைப் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர். இடது சுண்டுவிரலில் கொப்புளம், பச்சைப் பட்டாணி அளவு.

செப்டம்பர் 2
டாக்டர் முதலில் கேட்டது சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்றுதான். ஒத்துக்கொள்ளும். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் மாத்திரை அசெட்டசோலமைடு, 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. இங்கேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றார்.

செப்டம்பர் 6
போட்டேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது. கோலி சோடா சப்பென்று இருந்தது. ராத்திரி நான்கு முறை எழுந்தேன். இதெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. மாத்திரை போட்டுக்கொண்டோம், இனி வேகமாக ஏறலாம் என்று தம்பி நினைத்துவிடுவானோ என்பதுதான் பயம்.

செப்டம்பர் 13
அவன் ஏழாவது படிக்கும்போது ஊட்டிச் சுற்றுலா. காய்ச்சலை மறைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். குன்னூரில் மயங்கி விழுந்து, அப்பா ராத்திரியோடு ராத்திரியாக வாடகை வண்டி பிடித்துப் போனார். இன்று முழுக்க அதே ஞாபகம்.

செப்டம்பர் 14
கேட்டேவிட்டேன். "தலை வலிச்சா சொல்வியாடா?"
"சொல்றேன்க்கா."
"பொய் சொல்லாம?"
போனை வைத்துவிட்டான்.

செப்டம்பர் 20
சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். அம்மாவின் பித்தளைச் சொம்பு 340 கிராம். முக்திநாத்தில் கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள் இருக்கின்றன, மாட்டு முகம் வழியாகத் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீருக்காகத்தான் சொம்பு. ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். குளிரில் சட்டை இல்லாமல் முடியாது.

செப்டம்பர் 21
அம்மா தன் பழைய மாத்திரை டப்பாவைக் கழுவிக் காயவைத்து என் பை மேல் வைத்திருக்கிறாள். பிளாஸ்டிக். பன்னிரண்டு கிராம். சொம்பு பூஜை அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

செப்டம்பர் 29
வழிகாட்டி போனில் பேசினார், என் அரைகுறை இந்தியும் அவருடைய நல்ல இந்தியும். கணவாய் அன்று விடிய வெகு முன்பே கிளம்ப வேண்டும், நேரமாக ஆக மேலே காற்று பலமாகிவிடும் என்றார். மனாங்கில் இரண்டு இரவு என்றதும், நான் கேட்காமலே, "மூணுன்னாலும் சரி" என்றார். "பிஸ்தாரை, பிஸ்தாரை." மெதுவாக, மெதுவாக. இவருடன் போகலாம்.

அக்டோபர் 5
விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி, கொரோனா காலத்தில் வாங்கியது, இன்னும் வேலை செய்கிறது. எனக்கு 98. அம்மாவுக்கு 91. மேலே போனால் எனக்கு 80 காட்டலாம். அம்மாவின் விரலிலிருந்து கழற்றியபோது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவள் இங்கே சமவெளியிலேயே தினமும் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 9
ரேடியோவில் அந்தமான் அருகே மேலடுக்குச் சுழற்சி.

அக்டோபர் 10
கலைந்துவிட்டதாம். நாளை கிளம்புகிறோம். அம்மா நோட்டை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 13, காத்மாண்டு
அன்னபூர்ணா பகுதிக்கு அனுமதிச் சீட்டு, நமக்கு ஆயிரம் நேபாள ரூபாய். நாம் வேற்று நாடு என்றே தோன்றவில்லை. தம்பி ஜீப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 14, பெசிசஹர்
தேதியை இருவரும் கவனித்தோம். பேசவில்லை. முதல் மாத்திரை.

அக்டோபர் 15, சாமே
2670 மீட்டர். வழி நெடுக எலும்பு குலுங்கிய ஜீப். ஆற்றுச் சத்தம் அறைக்குள் வருகிறது. எனக்கு 94, அவனுக்கு 92. பருப்பும் சோறும் வந்தது. அவன் பாதியில் கையை எடுத்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.
"அக்கா, லேசா தலை வலிக்குது."