கண்ணுக்குத் தெரியாத மூன்று சென்டிமீட்டர்

பதினொரு வருடங்களாக என் டூரிங் பைக்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றியது, டயர் தேய்ந்தது, வழியில் நின்றுபோனது எல்லாம் ஓடோமீட்டர் எண்ணோடு அதில் இருக்கும். போன வாரம் 1,42,000 தாண்டியதும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றியோ வீடு வந்து சேர்ந்தது மொத்தம் நான்கு தடவை. அதில் ஒன்றுதான் வண்டியோடு வந்த பாகம் தேய்ந்ததால் வந்தது: 1,10,000-க்குப் பக்கத்தில் வாட்டர் பம்ப் சீல் ஒழுகியது. மிச்சம் மூன்றும் நான் கை வைத்த இடங்கள்.

இதை என் நண்பனிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவனும் நானும் ஒரே மாடலை, ஒரே மாதத்தில் வாங்கியவர்கள். அவன் வண்டியில் டயரைத் தவிர எதையும் வேறு கம்பெனிக்கு மாற்றமாட்டான். கண்ணாடியின் ரப்பர் மூடி தொலைந்தால்கூட ஒரிஜினல் வரும்வரை மூடியில்லாமல் ஓட்டுவான். நானோ வாங்கிய மூன்றாம் மாதமே ஹேண்டில்பார் ரைசர், ஃபாக் லைட், கிராஷ் கார்டு, ஸ்லிப்-ஆன் சைலன்சர், துவைத்துப் போடும் காட்டன் ஏர் ஃபில்டர் என்று ஆரம்பித்தவன். ஸ்டாக்கா (கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி) மாடிஃபைடா என்ற சண்டையில் எங்கள் பாதி டீ பிரேக் போய்விடும்.

முதலில் ரைசர் கதை. அதுதான் எனக்குப் பெரிய பாடம் எடுத்தது.

ரைசர் என்பது ஹேண்டில்பாருக்கு அடியில் வைக்கும் ஒரு அலுமினியத் துண்டு. என்னுடையது 30 மி.மீ. உயரம். நான்கு போல்ட், இருபது நிமிட வேலை. முதுகு வலி உண்மையாகவே குறைந்தது. ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 38,612-ஆவது கிலோமீட்டரில், ராத்திரி மழையில், மலைப்பாதை வளைவு ஒன்றில் இடப்பக்கம் திருப்பினேன். டாஷ்போர்டு, ஹெட்லைட், இன்ஜின் மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஹேண்டிலை நேராக்கினேன், எல்லாம் திரும்பி வந்தது. அடுத்த வளைவில் மறுபடியும் போனது. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை.

மறுநாள் டேங்கைக் கழற்றி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே ஒயர் கட்டைக் கவனித்தேன். இக்னிஷன் சுவிட்சும் ஹேண்டில் சுவிட்சுகளும் சேரும் கட்டு, ஸ்டீயரிங் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவாகத் தொங்கும். ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும்போது இழுபடாமல் இருக்கத்தான் அந்தத் தொய்வு. என் ரைசர் அந்தத் தொய்வைச் சாப்பிட்டுவிட்டது. மூன்று சென்டிமீட்டர்தான், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஒயராக விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். சிவப்பு ஒயரில் ஓர் இடம் மட்டும் வேகவைத்த சேமியா மாதிரி தொளதொளவென்று மடிந்தது. மேலே பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் கிடையாது. பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே செப்பு இழைகள் அத்தனையும் அறுந்து, நுனியெல்லாம் கறுத்திருந்தன. ஹேண்டில் நேராக இருக்கும்போது அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டு கரண்ட் போயிருக்கிறது. திருப்பினால் விலகியிருக்கிறது.

இதில் ரைசரைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் அது ஒரு கீறல்கூட இல்லாமல் என் மேஜை மேல் கிடக்கிறது. கெட்டுப்போனது பக்கத்திலிருந்த ஒயர். மாடிஃபிகேஷன் பண்ணும் நாம் எல்லோரும் வாங்கும் பாகம் தரமானதா என்று நாள்கணக்கில் தேடுகிறோம். அது போய் உட்காரும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார், அவர்களுக்கு இது தோதுப்படுமா என்று பார்ப்பதில்லை. ஒரு வண்டி கடைக்கு வரும் முன்பு அதை நடுக்க மேடையில் வைத்து ஆட்டி, தண்ணீரில் நனைத்து, வெயிலிலும் குளிரிலும் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தச் சோதனையெல்லாம் அந்த ஒயர் நீளத்துக்குத்தான். 30 மி.மீ. ரைசர் போட்ட வண்டியைச் சோதித்தது நான் ஒருவன்தான், அதுவும் ராத்திரியில், மழையில்.

ஃபாக் லைட் சமாசாரம் இன்னும் கேவலம். ஒயரை வெட்டாமலே மேலே கவ்விக் கடித்து இணைப்பு எடுக்கும் நீல நிற கிளிப் ஒன்று உண்டு. போட்டுக் கொடுத்தவர் அதைத்தான் வைத்திருந்தார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த கிளிப் கடிக்கும்போது சில இழைகளை வெட்டிவிடும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் இறங்கும். இரண்டு வருடத்தில் உள்ளே பச்சைப் பொடி பூத்து, தடை ஏறி, சூடாகி, பிளாஸ்டிக் உருகி ஷார்ட் ஆனது. இரண்டு 40 வாட் விளக்கு என்றால் ஆறு ஆம்பியருக்கு மேல் போகும். அதை ஒரு பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து திருடினால் வேறு என்ன நடக்கும்? இப்போது பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அப்புறம் ரிலே. இணைப்புகளை கிரிம்ப் பண்ணியிருக்கிறேன், அதாவது நசுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறேன்; ஈயம் வைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும், நடுங்கும் வண்டியில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். அதே விளக்குகள் இப்போது எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டன.

மூன்றாவது கிராஷ் கார்டு. நின்ற இடத்தில் கால் வழுக்கி வண்டியைக் கீழே போட்டேன், அவ்வளவுதான். கார்டு வளையவே இல்லை. பெருமையாக ஃபோட்டோ எடுத்தேன். அடி எங்கே போனது என்பது நானூறு கிலோமீட்டர் கழித்துத் தெரிந்தது. கார்டு பிடித்திருந்த போல்ட், இன்ஜினில் வார்த்த அலுமினியக் காதில் இறங்கியிருந்தது. அந்தக் காதில் முடி அளவு விரிசல், அதன் வழியே ஆயில் கசிவு. அதைவிட பிளாஸ்டிக் உடைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஏர் ஃபில்டர் என்னை வழியில் நிறுத்தவில்லை, ஆனால் வயிற்றில் புளியைக் கரைத்தது அதுதான். ஒரு சர்வீஸில் ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டும் இருக்க வேண்டிய பக்கம், விரலை விட்டுத் துடைத்தேன். விரலில் எண்ணெய்ப் பசை. கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தால் நறநறவென்றது. எண்ணெயை அதிகமாகப் பூசியது என் தப்புதான். ஆனாலும் அந்த நறநறப்பு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போயிருக்கும் என்று நினைத்தபோது தூக்கம் வரவில்லை. அன்றோடு ஸ்டாக் பேப்பர் ஃபில்டருக்குத் திரும்பிவிட்டேன். பவர் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: கூடியதே எனக்குத் தெரியவில்லை, குறைந்தது எப்படித் தெரியும்?

சரி, இவ்வளவு படித்துவிட்டு ஸ்டாக்தான் சாகாவரம் என்று முடிவு கட்ட வேண்டாம். நண்பன் வண்டிக்கு வருவோம்.

அவன் வாய்ப்பாடு எமிலியோ ஸ்கோட்டோ. அர்ஜென்டினாக்காரர், 1985-இல் ஹோண்டா கோல்ட் விங் ஒன்றில் கிளம்பி 1995-இல் திரும்பியவர், 7,35,000 கிலோமீட்டர். “அவரு ரைசரா போட்டாரு?” என்பான். எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் பத்து வருடம் அந்த வண்டி மேலேயே வாழ்ந்த மனிதருக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் பழகியிருக்கும். நண்பனுக்கு அது கிடையாது. “வண்டி முன்ன விட இப்ப சத்தம் கம்மியா ஓடுது பாரு, செட் ஆயிடுச்சு” என்று 90,000-இல் பெருமைப்பட்டான். எனக்குத் திக்கென்றது. வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, குறையக் குறைய டப்பட் சத்தம் அடங்கும். எக்ஸாஸ்ட் வால்வ் தன் இருக்கையில் முழுசாக உட்காராமல் போனால் சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் கருகும். திறந்து பார்த்தால், மேனுவலில் குறைந்தபட்சம் 0.20 மி.மீ. என்று இருந்த இடத்தில் இரண்டு வால்வுகளில் 0.08 மட்டுமே. வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அளந்ததில்லை. பிரேக் ஆயில் நான்கு வருடப் பழசு, காபி டிகாக்‌ஷன் நிறம். பாகங்கள் எல்லாம் ஸ்டாக். சர்வீஸ் அட்டவணை மட்டும் அவனே மாடிஃபை பண்ணியது.

அதற்கு முன்பே 74,000-இல் அவன் வண்டி சார்ஜ் ஏறாமல் நின்றிருந்தது. ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில் வளையம்) வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி, 5,000 ஆர்.பி.எம்.மில் ஏ.சி. வோல்ட் பார்த்தோம். ஒரு ஜோடியில் 62, மற்ற இரண்டு ஜோடியிலும் 30-க்குக் கீழே. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கவரைத் திறந்ததும் கருகிய வாசனை. வட்டமாக அடுக்கிய காயில்களில் ஒரு பக்கம் தேன் நிறத்தில் பளபளவென்று இருக்க, இன்னொரு பக்கம் நான்கைந்து கரிக்கட்டைகள்.

“ஃபாக் லைட்டே இல்லாத வண்டியில எப்படிடா ஸ்டேட்டர் போகும்?” என்று அவனுக்கு ஒரே குழப்பம். இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறைய வண்டிகளில் கம்பெனியே கொடுப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர், அதாவது பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் டப்பா. இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப காந்தம் கரண்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வண்டிக்குத் தேவைப்படாததை இந்த ரெகுலேட்டர் ஷார்ட் பண்ணிக் காயிலுக்கே திருப்பிவிடும். அதனால் நீங்கள் விளக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் ஹைவே வேகத்தில் காயில் ஏறக்குறைய முழுப் பாரத்தில்தான் வேலை பார்க்கிறது. விளக்கை அணைத்துவைத்து ஸ்டேட்டரைக் காப்பாற்ற முடியாது. சீரிஸ் வகை ரெகுலேட்டர் வேறு மாதிரி: தேவையில்லாத நேரத்தில் சர்க்யூட்டைத் திறந்துவிடும், காயில் குளிர்ந்தே இருக்கும்.

என் வண்டியில் 52,000-இல் வோல்ட் மீட்டர் அளவு மீறி 15.4 காட்டியபோது ஒரிஜினல் ரெகுலேட்டரைத் தூக்கிவிட்டு சீரிஸ் வகை போட்டேன். காற்றே படாத மூலையிலிருந்து எடுத்து, காற்று படும் இடத்துக்கு மாற்றினேன். கனெக்டரையும் புதிதாக, மழைத் தண்ணீர் புகாததாக. ஸ்டேட்டர் இன்னும் வாங்கின அன்று வந்ததேதான். என் வண்டியிலேயே உருப்படியான மாடிஃபிகேஷன் எது என்று கேட்டால், யார் கண்ணுக்கும் தெரியாத இந்த டப்பாவைத்தான் சொல்வேன். இதற்கு அடுத்தது பின் ஷாக்குக்குப் போட்ட கனமான ஸ்பிரிங். இரண்டு பேரும் மூன்று பெட்டியும் ஏறும் வண்டிக்கு, வந்த ஸ்பிரிங் போதவில்லை. ஸ்லிப்-ஆன் சைலன்சரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரிவெட் இரண்டு முறை கழன்றது, காது வலித்தது, விற்றுவிட்டேன்.

ரைசர் இல்லாமல் முதுகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சீட்டின் ஃபோமை மாற்றிக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் ஒயர் எதுவும் இழுபடவில்லை; மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு நண்பன் வந்தான். கையில் ஒரு சீரிஸ் ரெகுலேட்டர். இரண்டாவது ஸ்டேட்டரும் போய்விடுமோ என்ற பயம். அரை நாள் உட்கார்ந்து மாட்டினோம், 4,000 ஆர்.பி.எம்.மில் 14.2 வோல்ட், ஹெட்லைட் போட்டாலும் அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டினான். அப்புறம் கழற்றிய பழைய ரெகுலேட்டரைத் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சீட்டுக்கடியில் கேபிள் டையால் கட்டினான். எதற்கு என்று கேட்டேன்.

“வண்டியோட வந்ததுடா. வண்டியிலயே இருக்கட்டும்.”