கறிவேப்பிலைத் தொட்டியில் பிறந்தவள்

“இலையில் குருவி எச்சம் ஒட்டியிருக்கிறது, கழுவிப் போடு” என்று கறிவேப்பிலை இணுக்கை நீட்டினார் அம்மா. வாங்கிப் பார்த்தேன். எச்சம் மெல்ல நகர்ந்தது.

கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்ன வயதில் எச்சம் போலவே கிடந்து பறவைகளை ஏமாற்றும். மொட்டைமாடித் தொட்டியிலேயே அதைத் திரும்ப விட்டேன். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறியது. ஒருநாள் விரலால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவப்புக் கொம்பு வெளியே நீண்டது. கூடவே குப்பென்று ஒரு வாடை. “இந்தக் கிளை அதற்கு, மீதி நமக்கு” என்று அம்மா பாகம் பிரித்துவிட்டார்.

மரம் ஏறுகிறவர் கயிற்றில் சாய்வது போல, ஒற்றைப் பட்டுநூலில் சாய்ந்து கூட்டுப்புழுவானது. பதினோராம் நாள் விடியற்காலையில் வெளியே வந்தவளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் சிவப்புப் பிறைகள். அப்படியே ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி! குனிந்து உடலைப் பார்த்தேன். ரோஜா அழகிக்கு உடல் சிவந்திருக்கும். இவளுக்குக் கறுப்பு.

ரோஜா அழகியின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளை. ஆடே தீண்டாத அந்த நஞ்சு பூச்சியின் உடலில் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கிட்டே போகாது. நஞ்சில்லாத நம்மவள் அந்த உடையை மட்டும் போட்டுக்கொள்கிறாள். இவளுடைய உடன்பிறந்தாள் இன்னொரு நஞ்சுப் பூச்சியான சிவப்புடல் அழகியைப் போலவோ, வேடமே இல்லாமல் ஆணைப் போலவோ இருக்கலாம். ஆண்களுக்கு ஒரே தோற்றம்தான். வெவ்வேறாகத் தெரியும் இந்தப் பெண்கள் ஒரே இனம் என்பதை 1865இலேயே இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கி எழுதியிருக்கிறார்.

இத்தனை நுணுக்கமான வேடத்துக்குப் பல மரபணுக்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 2014இல் கிருஷ்ணமேக் குண்டேவும் சக ஆய்வாளர்களும் கண்டது ஒரே மரபணு: டபுள்செக்ஸ். பூச்சியின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ வடிவமைக்கும் அதே மரபணு! அந்த மரபணுவின் வேடம் தரும் வகையில், டிஎன்ஏ துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதனால் சாதாரண வகையோடு கலந்து சிதையாமல் வேடம் முழுசாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. ஆணும் அதைச் சுமக்கும், வெளியே காட்டாது. இவளுக்கு அது அப்பன் வழியில்கூட வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

வெயில் ஏறியதும் இரண்டு முறை இறக்கையை விரித்து மூடிவிட்டு, பக்கத்து வீட்டு இட்லிப்பூவுக்குப் பறந்தாள். அம்மா இப்போதெல்லாம் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே இணுக்கு ஒடிக்கிறார்.